வலையிலிருந்து ஓர் ஈயமணி

மலர் ஆணியிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுக்கும்போதுதான் வினிதாவுக்கு வயிறு வலிக்கும். அதுவரை பல் துலக்கி, தம்ளரைக் கழுவி வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருப்பாள். கோட்டு அம்மாவின் கைக்கு வந்ததும் தொப்புளின் மேல் இரண்டு கைகளையும் அழுத்திக்கொண்டு சுவரோரம் குந்திவிடுவாள். முகம் வெளுத்து, மேலுதட்டில் வேர்வை அரும்பும். ஒன்பது வயதுப் பிள்ளை.

“வயிறு நோவுதுமா” என்பாள். அவ்வளவுதான்.

கோட்டு இறால் கம்பெனியில் கொடுத்தது. திருவொற்றியூரில் அவர்கள் குப்பத்திலிருந்து பல பெண்கள் அங்கே இறால் உரிக்கப் போகிறார்கள். காலையில் மெயின் ரோட்டுக்கு வேன் வரும், யாருக்காகவும் நிற்காது. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை வைத்து நின்றபடியே உரிக்க வேண்டும். மலரின் விரல் நுனிகளில் தோல் எப்போதும் உரிந்தே இருந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு இந்த வேலை தேவைப்படவில்லை. கணவன் ரகுபதி எண்ணூர் முகத்துவாரத்தில் வலை போடுவான். அவள் மீனை அன்னக்கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்று வருவாள். ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றில் படிந்தது. அதற்குப் பிறகு வலையில் மீன் சரியாக விழவில்லை. விழுந்ததையும் ஜனங்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வலை வீட்டு மூலையில் சுருண்டு கிடந்தது. ரகுபதியும் பெரும்பாலும் அப்படியே கிடந்தான்.

இரண்டு பேருக்கும் சண்டை எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கும். அதன் முடிவில் மலர் சொல்வது மட்டும் மாறாது.

“ஒரு நாளு இல்லாட்டி ஒரு நாளு தூண்டில் வளைவுல போய் வுழுந்துடறேன். அப்பால நைனாவும் பொண்ணும் நிம்மதியா இருங்க.”

கடல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகக் கொட்டி வைத்த பாறைகளுக்குத்தான் தூண்டில் வளைவு என்று பெயர். மலர் வேனுக்கு அதைத் தாண்டித்தான் போக வேண்டும். குப்பத்தில் சண்டை போடும் பெண்கள் பலரும் சொல்கிற பேச்சுதான் அது. சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விடுவார்கள். மலரும் அப்படித்தான். சில நாட்களில் மட்டும், சொல்லி முடித்த பிறகு, அது வெறும் பேச்சுதானா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது.

வினிதாவுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகுதான் மலர் அவளைக் காசிமேட்டுச் சிலுவையம்மாளிடம் கூட்டிப்போனாள். தின்ற ஏதோ ஒன்று குடலில் ஒட்டிக்கொண்டு செரிக்காமல் கிடப்பதைத் தொக்கம் என்பார்கள். சிலுவையம்மாள் தொக்கம் எடுப்பவள். விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவுவாள், ஊதுவாள், வாய் வைத்து உறிஞ்சித் தட்டில் துப்புவாள். முதல் தடவை கொஞ்சம் முடி வந்தது. அடுத்த தடவை ஏதோ ஒரு தோல். ஒவ்வொரு தடவையும் மலர் அந்தத் தட்டைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். அன்று வேலைக்குப் போக மாட்டாள். வினிதாவை மடியில் போட்டுக்கொண்டு கிடப்பாள். வலி இருந்த இடம் தெரியாது.

ஆனால் கோட்டை எடுத்தால் மறுபடி வந்துவிடும். இனி ஒரு நாள் வரவில்லை என்றாலும் வேறு ஆள் போட்டுவிடுவதாக சூப்பர்வைசர் சொன்ன வாரத்தில், சிலுவையம்மாள் வெகுநேரம் நீவிப் பார்த்துவிட்டு வெறும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“உள்ள ஒண்ணும் இல்லமே. சும்மா சும்மா இட்டாராத.”

வீட்டுக்கு வந்ததும் மலர் பிள்ளையை அடித்தாள். நடிக்கிறாயா, உன் நடிப்புக்கு யார் சோறு போடுவார் என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். ரகுபதி எழுந்து வெளியே போய்விட்டான். வினிதா அழவில்லை. அம்மா நிறுத்தும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா கோட்டை எடுக்கும் முன்பே அவள் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். தொக்கம் எடுக்கும் ஆயாவிடம் போகலாம், இன்றைக்குக் கட்டாயம் ஏதாவது வரும் என்றாள். அவள் சொன்ன விதத்தில் மலருக்கு ஏதோ போல இருந்தது. அன்று வேனுக்குப் போகவில்லை.

சிலுவையம்மாள் முணுமுணுத்தபடி நீவினாள், ஊதினாள், உறிஞ்சினாள். தட்டில் எச்சில்தான் விழுந்தது.

“இன்னும் நல்லா ஊது ஆயா” என்றாள் வினிதா. “உள்ள கீது.”

“இல்லடி கண்ணு.”

“கீது ஆயா. நான்தான் போட்டேன்.”

வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்கும் ஈயமணிகளில் ஒன்றைப் பிய்த்து அவள் விழுங்கியிருந்தாள்.

சிலுவையம்மாள்தான் தெருவில் ஓடி ஆட்டோ பிடித்தாள். மலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்கள். விலா எலும்புகளுக்குக் கீழே வெள்ளையாக, உருண்டையாக ஒரு மணி. ஈயம் உடம்புக்கு விஷம், உள்ளே விட்டுவைக்கக் கூடாது என்று, மயக்கம் கொடுத்து வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள்.

வினிதா கண் விழித்ததும் மனநல டாக்டர் ஒருத்தி கட்டிலருகே உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். ஆயா ஒன்றும் இல்லை என்று சொன்னதால்தான் போட்டாளாம். ஏதாவது வெளியே வந்தால் அம்மா வேலைக்குப் போகாது. வேலைக்குப் போகாவிட்டால்?

“வளைவாண்ட போவாது” என்றாள் வினிதா.

டாக்டர் மலரை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாள். வலி பொய்யில்லை, அடிபட்ட வலி எப்படியோ அப்படித்தான் அவளுக்கு வலிக்கிறது. பெரியவர்கள் பயந்தால் சொல்லிவிடுவார்கள். பல பிள்ளைகளுக்கு அது வயிற்றிலோ தலையிலோதான் தெரியும். அந்தப் பேச்சை இனிமேல் பேசவே வேண்டாம் என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, உங்களுக்கு நிஜமாகவே அப்படித் தோன்றுமா என்று கேட்டாள். மலர் தரையைப் பார்த்தபடி, சும்மா சொல்வதுதான் மேடம் என்றாள்.

வீடு திரும்பியபோது மூலையில் வலை இல்லை. ரகுபதி அதை எங்கோ கொண்டுபோய்ப் போட்டிருந்தான். கம்பெனியில் அவளுக்குப் பதிலாக வேறொருத்தி உரித்துக்கொண்டிருந்தாள்.

“அதுவும் போச்சா?” என்றான் ரகுபதி. கோபமாகக்கூட இல்லை.

பழைய வார்த்தை மலரின் தொண்டை வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். அடுப்புப் பக்கம் திரும்பும்போதுதான் பார்த்தாள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த வினிதா பென்சிலை வைத்துவிட்டிருந்தாள். இரண்டு கைகளும் வயிற்றில் இருந்தன. கண்கள் அம்மாவின் வாயில் இருந்தன.

“நான் ஒண்ணும் சொல்லலியேடி.”

“சொல்லலமா” என்றாள் வினிதா. “ஆனா நோவுது.”

மலர் அடுப்பைப் பற்றவைக்காமல் அங்கேயே உட்கார்ந்தாள். மறுநாள் ஆணியில் எடுக்கக் கோட்டு எதுவும் இல்லை. வினிதாவுக்குச் சடை பின்னிவிட்டு, கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. முறை வந்ததும் அந்த மனநல டாக்டர் பிள்ளையைத்தான் முதலில் பார்த்து, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

“அன்னிக்கு சும்மா சொல்றதுன்னு சொன்னேன் இல்ல மேடம்…” என்று மலர் தொடங்கினாள்.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். வினிதா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.