அகழான் வளைக்குள் விட்ட கை

காய்ச்சல் தலையிடியாகத்தான் தொடங்கியது. அச்சுவேலிச் சந்தையில் வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது, கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. வெயில் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சேருமுன் பல் கிடுகிடுத்தது.

அன்று பின்னேரமே மச்சாள் செல்லம்மாவும் படுத்துவிட்டார். அவர் என் கணவரின் தமக்கை. தன் கணவரை இழந்தபின் எங்களோடு இருந்தவர். வயதில் மூத்தவர், மெலிந்த உடம்பு.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. என் கணவர் எங்கள் இருவரையும் மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அடுத்தடுத்த கட்டில்கள் கிடைத்தன. முதலில் நெருப்புக் காய்ச்சல் (குடலைப் புண்ணாக்கும் காய்ச்சல்) என்று எண்ணிப் பார்லித் தண்ணீர் மட்டும் தந்தார்கள். ஐந்தாம் நாள் எங்கள் இருவருக்கும் வயிற்றிலும் மார்பிலும் சிவப்புப் புள்ளிகள் கண்டன. டாக்குத்தர் அவற்றைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தார்.

"எலி வளை ஏதும் கிண்டினனீங்களோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை நாங்கள் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

உலக யுத்த காலம். பங்கீட்டுக் கூப்பன் அரிசி வயிற்றுக்குக் காணாது. அறுவடை முடிந்த வயலின் வரம்பில் அகழான் (பெரிய வயல் எலி) வளையைத் தோண்டினால், அது இழுத்துச் சேர்த்த நெற்கதிர் கிடைக்கும். நானும் மச்சாளும் அப்படி ஒரு கடகம் (பனையோலைப் பெட்டி) நிறையக் கதிர் எடுத்து, வெட்கத்தில் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தோம். அது நடந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்.

"ஓம் ஐயா. தோள்வரைக்கும் கையை விட்டனான்."

"தெள்ளு கடிச்சதோ?"

"கடிச்சது. கடுகு தெறிச்ச மாதிரிக் கையெல்லாம் ஏறினது. நல்லாச் சொறிஞ்சும் போட்டன்."

டாக்குத்தர் தலையை ஆட்டினார். இது டைபஸ் (எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சியால் வரும் காய்ச்சல்) ஆக இருக்கவேண்டும் என்றார்.

"கொள்ளைநோயோ ஐயா?" என்று என் கணவர் கேட்டார்.

"அதையும் எலித் தெள்ளுத்தான் கொண்டுதிரியிறது. ஆனால் இது அதில்லை. ஆளிலையிருந்து ஆளுக்குத் தொத்தாது. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம். இதுக்கெண்டு மருந்து கிடையாது. உடம்புதான் தாங்கவேணும்."

மச்சாள் மெல்லக் கேட்டார். "அந்த அரிசியிலை சோறும் சமைச்சுச் சாப்பிட்டமே?"

"சோத்தாலை இல்லை அம்மா. தெள்ளின்ரை எச்சம் சொறிஞ்ச தோலுக்குள்ளாலை போகுது."

"நான் வளைக்குள்ளை கை விடேல்லை. கடகத்தைத்தான் மடியிலை வைச்சுக் கதிர் உருவினனான்."

கடகத்தை அவர் மடியில் வைத்தவள் நான்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. ஒரு காலையில் கண் விழித்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. அடுத்த கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. என் கணவர் தாடியோடு பக்கத்தில் இருந்தார்.

"மச்சாள் எங்கை?"

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "அக்கா செத்து எட்டுச்செலவும் முடிஞ்சுது. உன்னட்டைக் கேட்டிட்டுத்தானே அக்காவைக் கொண்டுபோனனாங்கள்."

"என்ன கேட்டனீங்கள்?"

"முகம் பாக்கப் போறியோ எண்டு கேட்டனான். தலையைத் திருப்பி அக்காவைக் கனநேரம் பாத்தனீ. 'ஓம், பாத்திட்டன், கொண்டுபோங்கோ' எண்டு சொன்னனீ."

நான் அழவில்லை. அவர் வேறு யாரையோ பற்றிக் கதைக்கிறார் என்றே தோன்றியது. கொழும்பிலிருந்து வந்த முடிவும் டைபஸ்தான் என்றது.

வீட்டுக்கு வந்தபின் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சுவரைப் பிடித்துத்தான் கிணற்றடிக்குப் போனேன். காதில் வண்டு இரைவது போன்ற சத்தம் இரண்டு மாதம் நிற்கவில்லை. தொத்தாது என்று சொல்லியும் அயலவர்கள் சில காலம் எங்கள் படலையைத் திறக்கவில்லை.

இதே காய்ச்சலோடு கிடப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வளை கிண்டியிருந்தால் முதல் நாளே டாக்குத்தரிடம் சொல்லுங்கள். நாங்கள் வெட்கப்பட்டு ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. வளையில் எடுத்ததை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். செத்த எலியையும் கையால் தூக்காதீர்கள். அதன் உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு வேறு சூடு தேடி இறங்கிவிடும் என்று டாக்குத்தர் பிறகு சொன்னார்.

என் மயிர் திரும்ப வளர்ந்துவிட்டது. வேலையும் செய்கிறேன். ஆனால் இந்த உடம்பை முன்போல நம்ப முடியவில்லை. நான் இல்லாத நாள்களில் அது கண் திறந்து பார்த்திருக்கிறது, என் குரலில் விடை கொடுத்திருக்கிறது. பார்லித் தண்ணீர்க் கோப்பை ஞாபகம் இருக்கிறது, அடுத்தது சுருட்டிய மெத்தை. நடுவில் ஒன்றுமில்லை. மச்சாளின் திவச நாளை என் கணவர்தான் எண்ணிச் சொல்கிறார். எனக்கு மச்சாள் இன்னும் சாகவில்லை. அடுத்த கட்டிலில் படுத்திருக்கிறார்.