பிரேக்கு அடுத்த வருசமாம்

மாப்பிள்ளை தன் காரின் வேகத்தைக் கூட்ட அதற்கு டர்போ போடப் போகிறாராம். இன்று என்னையும் மகளையும் திண்டிவனம் பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

டர்போவா, சூப்பர்சார்ஜரா என்று ஒரு மணி நேரம் பேச்சு. அங்கிருந்த மெக்கானிக்கைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. போன வருசம் எங்கள் கிணற்றில் பழைய பைப்பை மாற்றாமல் பெரிய மோட்டாரை மாட்டியவன் இவன்தான். முதல் நாளே பைப் வெடித்து, களத்தில் காயப்போட்ட மல்லாட்டைக் கடலை அத்தனையும் நனைந்து முளைத்துப்போனது.

"டர்போ போட்டா முந்நூறு எச்.பி. வரும் சார், பறக்கும்" என்றான்.

"பிரேக்கு, கிளட்ச் எல்லாம்?" என்று கேட்டேன்.

"பழசே தாங்கும் ஆயா."

"பைப்புக்கும் இதத்தானடா சொன்ன!"

அவன் ஸ்பேனரைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான்.

மாப்பிள்ளையோ சிரிக்கிறார். "பிரேக்கு அடுத்த வருசம் பாத்துக்கினா போதும் அத்தை. மொதல்ல வேகம் வரட்டும்."

தூ! என் மகள் தினமும் வேலைக்குப் போவது அந்தக் காரில்தான்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது விழுப்புரம் பஸ்ஸில் இருக்கிறோம். ஓட்டை பஸ்தான். ஆனால் கைகாட்டிய இடத்திலெல்லாம் நிற்கிறது.

உங்கள் வீட்டு மாப்பிள்ளை எப்படி?