பொத்தானை மிதித்ததும் காணாமல் போன சத்தம்

இன்று பரந்தனில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் இசைக்குழுவில் கிற்றார் வாசிப்பவள் நான்.

முதல் பாட்டிலேயே ஒரு பிழை நடந்தது. மெல்லிய ஒலியிலிருந்து கரகரப்பான ஒலிக்கு மாற, பலவகை அம்ப்ளிஃபயர்களின் ஒலியைத் தரும், காலடியில் இருக்கும் டிஜிட்டல் பெட்டியின் பொத்தானை மிதித்தேன். ஒரு கணம் கிற்றார் சத்தமே இல்லை. பாடகி சுகந்தி அக்காவின் குரல் தனியே நின்றது.

பாட்டு முடிந்ததும் அவர் திரும்பினார். "என்னடி, கரண்ட் போயிட்டுதோ?"

"இல்லை அக்கா. ஒரு அம்ப் சத்தத்தை விட்டிட்டு மற்றதை எடுக்கப் பெட்டி சுணங்குது."

கீபோர்ட் வாசிக்கும் ரமணன் அண்ணா உடனே, "அப்ப அடுத்த பாட்டில உம்மட தனி வாசிப்பை நான் கீபோர்ட்டில வாசிக்கிறன்" என்றார்.

"தேவையில்லை அண்ணா, நானே வாசிப்பன்."

அடுத்த பாட்டில் பொத்தானைத் தொடவேயில்லை. கரகரப்பான ஒலியையே வைத்துக்கொண்டு, கிற்றாரிலேயே இருக்கும் வொலியூம் திருகியைக் குறைத்தேன். கரகரப்பு அடங்கி ஒலி மெல்லியதானது. தனி வாசிப்பு வந்ததும் சுண்டுவிரலால் முழுதாகக் கூட்டினேன். துளி இடைவெளி இல்லை.

மாப்பிள்ளையின் நண்பர்கள் எழும்பி ஆடினார்கள். சுகந்தி அக்கா மைக்கிலேயே, "இன்னொருக்கா வாசியடி!" என்றார்.

கீபோர்ட்டில் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் ரமணன் அண்ணா வீடு திரும்பும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். கீபோர்ட்காரர் யாராவது இருந்தால் இந்தப் பதிவின் கீழே கொமெண்டில் வந்து அவருக்கு ஆதரவு கொடுங்கள், பாவம்.