ஜெயசீலி கேட்காத கேள்வி

விருந்தினரின் சட்டையில் ஒலிவாங்கியைத் தானே குத்திவிடுகிறார் ஜெயசீலி. அந்த வேலைக்கென்று நிலையத்தில் ஆள் இருக்கிறார். அவரைச் சற்று ஒதுங்கச் சொல்லிவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரின் தோளில் ஒரு கையை வைத்து, மறு கையால் கம்பியைச் சட்டை மடிப்புக்குள் மறைக்கிறார். அவரைப் பற்றி எழுத நான் நிலையத்துக்குப் போன அன்று வந்திருந்தவர் ஓர் உப்பளத் தொழிலாளி. வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "இன்னா இப்போ? என்னையே பாருங்க. அந்தப் பொட்டி கடிக்காது" என்றார் ஜெயசீலி. உப்பளக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த கணமே ஜெயசீலியின் தமிழ் சலவை செய்த சட்டைபோல ஆகிவிட்டது: "வணக்கம். இன்று எதிர் நாற்காலியில் நம்மோடு அமர்ந்திருப்பவர்..."

செவ்வாய்க்கிழமை மாலைகளில் சென்னைத் தொலைக்காட்சியில் 'எதிர் நாற்காலி' பார்ப்பவர்களுக்கு இந்தக் குரல் தெரியும். மந்திரிகளும் நடிகர்களும் அந்த நாற்காலிக்கு வருவதில்லை. பிரசவ ஆஸ்பத்திரி ஆயா, லாரி ஓட்டுநரின் மனைவி, கலங்கரை விளக்கில் காவல் இருப்பவர் என்று, யாரும் பேட்டி காணாதவர்களே வருகிறார்கள். எல்லாரும் பேசிவிடுகிறார்கள். நாற்பதைத் தொடும் வயதில், நெற்றியோரம் நரைத்த கூந்தலுக்கு மை பூச மறுத்து, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலியோடு உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்மணி அவர்களை அதிகம் கேட்பதும் இல்லை. பாதி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதை அவர் பனித்திட்டு என்ற மீனவர் ஊரில் கற்றாராம். புதுச்சேரி வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராக இருந்த காலத்தில், கனத்த ஒலிப்பதிவுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போவார். பனித்திட்டில், புருஷனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பெண்ணிடம் தெரிந்ததையெல்லாம் கேட்டும் தலையாட்டலைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்க வேறு ஏதும் இல்லாமல் போய் வாயை மூடிக்கொண்டார். வலையை மடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் கொஞ்ச நேரம் கழித்துத் தானாகப் பேச ஆரம்பித்து, நாடா தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. "அன்னியிலேர்ந்து எனக்கு அவசரமே இல்ல" என்கிறார் ஜெயசீலி.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் எந்த விருந்தினரிடமும் தொடுவதில்லை. பெண்கள் வந்தால் குழந்தைகளைப் பற்றிக் கேட்பார், மாமியாரைப் பற்றிக்கூடக் கேட்பார். அவர்களுடைய கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்கமாட்டார். தயாரிப்பாளர் பலமுறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். நான் அதைச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர் திண்டிவனம் தாண்டிய பிறகுதான் பதில் சொன்னார்.

வில்லியனூருக்கு மேற்கே, மாதா கோயிலைச் சுற்றி வீடுகள் அமைந்த சிற்றூர் அவருடையது. அப்பா அருள்சாமிக்குப் புதுச்சேரிப் பஞ்சாலையில் வேலை, ஊரில் கொஞ்சம் நெல் நிலம். அம்மா சீக்கிரமே இறந்துவிட, தங்கை அன்னாளைக் குளிப்பாட்டித் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் ஜெயசீலிதான். அறுபத்தெட்டில் பிரான்சிலிருந்து ஒரு வரன் வந்தது. மரியசுந்தரம் என்ற சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சொல்தா மாப்பிள்ளை என்றால் வேறு எதையும் விசாரிக்காத காலம். விடுமுறை முடிவதற்குள் தாலி கட்டிப் பெண்ணைக் கூட்டிப் போக வேண்டும் என்றார்கள். அருள்சாமி வாக்குக் கொடுத்தார். ஞாயிறு பூசையில் மரியசுந்தரத்துக்கும் ஜெயசீலிக்கும் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கும் அறிவிப்புதான் ஓலை.

அந்த வாரம்தான் வானொலி நிலையம் அவரைக் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டது. ஒலிப்பதிவு அறையில் தன் குரலை முதன்முதலாகத் திருப்பிக் கேட்டபோது, அது வேறு யாரோ போலவும், அந்த வேறு யாரோவாகத் தான் ஆக வேண்டும் போலவும் இருந்ததாகச் சொன்னார். சாயங்காலம் நேரே பங்குச் சாமியாரிடம் போனார். "இன்னும் ரெண்டு ஓலை பாக்கி இருக்குது சாமி. எனக்கு விருப்பமில்ல."

அருள்சாமி அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு ஓலை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கப்பட்டது. மாப்பிள்ளையின் பெயர் அதேதான். பெண்ணின் பெயர் அன்னாள்.

"கோயில்ல என் பக்கத்துலதான் மண்டி போட்டுக்கினு இருந்தா. பேரைப் படிச்சப்போ குனிஞ்ச தலை நிமிரல. அவளை யாருமே கேக்கல. அப்பாதான் கேக்கல, போவட்டும். நான் வளத்த பொண்ணு, நானும் கேக்கல" என்றார் ஜெயசீலி.

அன்னாள் போய்விட்டாள். பட்டாளம் மாற்றிய இடத்துக்கெல்லாம் போனாள், பிள்ளைகள் பெற்றாள். ஊருக்கு வர ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தடுத்தது. புகைப்படங்கள் மட்டும் வந்தன. பனியில் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு பெண், பின்னால் பெயர் தெரியாத மரங்கள். ஜெயசீலி வானொலியில் பெயரெடுத்து, சென்னையில் தொலைக்காட்சி வந்தபோது தேர்வாகி அங்கே போனார். கல்யாணப் பேச்சை அப்பாவும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்தால், "சாப்பிட்டியா?" என்பார் அருள்சாமி. "ஆச்சு" என்பார் இவர். வீட்டில் அதற்குமேல் பேச்சு கிடையாது.

வில்லியனூர்க் கடைத்தெருவில் ரேடியோக் கடை வைத்திருக்கும் ஜாபர் அலி எனக்கு ஒன்றைச் சொன்னார். உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, புள்ளியும் கோடுமாக அவர் சென்னைப் படம் பிடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து, செவ்வாய்க்கிழமை தோறும் கடைக்கு எதிர்ப்பக்கம், வேலிக்கால் ஓரமாக அருள்சாமி வந்து நிற்பாராம். உள்ளே வந்து உட்காரக் கூப்பிட்டால், "இல்ல பாய், இப்டிக்கா போனேன்" என்பாராம். நிகழ்ச்சி முடியும்வரை அப்படியே போகாமல் நிற்பாராம்.

போன கிறிஸ்மஸுக்கு அன்னாள் வந்தாள்.

நான் போனபோது முற்பகல். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில், வெட்டிய குட்டை முடியும் முழங்கை வரை ஏற்றிய கம்பளிச் சட்டையுமாக ஒரு பெண் அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். யாரையும் தொடவிடவில்லை என்றார்கள். முன்பக்கம் அவளுடைய பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ விளையாட, அருள்சாமி அவர்கள் நடுவில் ஒரு சொல்லும் புரியாமல் முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார். ஜெயசீலி கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றார். விமான நிலையத்திலிருந்து அன்றுவரை பிள்ளைகளைப் பற்றியும் குளிரைப் பற்றியுமே அக்கா தங்கை பேசிக்கொண்டார்களாம். ஊரில் பாதிப் பேரைப் பேசவைத்தவர் விரலில் முந்தானையைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். இருங்கள் என்று கையால் காட்டினார்.

"அன்னா" என்றார் பிறகு. "அப்போ உனக்குப் போவணும்னு இருந்துச்சா?"

அன்னாள் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் பேசியது அறுபத்தெட்டில் எடுத்துப் போன தமிழ், ஒரு மாற்றமும் இல்லாமல்.

"இருந்துச்சிக்கா. மொத ஓலையில உன் பேரைப் படிச்சப்போ எனக்கு அழுகையா வந்துச்சி. அவரை எனக்குப் புடிச்சிருந்துச்சி. நீ வேணாம்னு சொன்னதும் மாதாவுக்கு மெழுவத்தி ஏத்தினேன். அதை உன்கிட்ட எப்டி சொல்றது?"

ஜெயசீலி முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டார்.

"நீ ஒண்டியா நின்னுட்டது என்னாலதான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதான் வர்றதுக்கே பயம்" என்றவள், அடுத்த மீனை எடுத்துக்கொண்டு, "அவரு நல்லவருதான். ஆனா அவரு பட்டாளத்தோட போயிட்டா, அங்க வெளக்கு வச்ச பிறகு ஜன்னலாண்ட நின்னா, நம்ம பேச்சு பேச ஒரு ஆளு இருக்காது. பேரு சொல்லிக் கூப்பிடக்கூட இருக்காது. என்னை அங்க 'ஆன்'னுதான் கூப்பிடுறாங்க. அன்னான்னு நீ கூப்பிட்டு எத்தினி வருசமாச்சி" என்றாள்.

அதற்குப் பிறகு அன்னாள் ஓயாமல் பேசினாள். கேள்வி எதுவும் தேவைப்படவில்லை. மீன் சட்டியில் உப்பு போட்டுக் கழுவி முடித்தபோதும் பேச்சு முடியவில்லை. சமையலறை வாசலில் அருள்சாமி வந்து நின்றார். இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "வெயில் ஏறிப் போச்சு. ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றவர், பெரிய மகளைப் பார்த்து, "போன வாரம் அந்தக் கலங்கரை வெளக்கு ஆளு நல்லாப் பேசினான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜெயசீலி கிணற்றில் ஒரு வாளி இறைத்து, செம்பில் மொண்டு, தங்கையின் செதில் ஒட்டிய கைகளில் ஊற்றினார். அன்னாள் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். செதில் போயிற்று, வாடையும் போயிருக்க வேண்டும். ஜெயசீலி மறுபடி மொண்டு ஊற்றினார். அன்னாளும் கையை எடுக்கவில்லை.