விளங்கப்படுத்த முடியாத வேலை

என் கணவர் ஒஸ்வால்டுக்கு ஒரு வியாதி இருந்தது. சீனி, பிறஷர் எல்லாவற்றையும் அவரது குடும்பத்தில் மூத்தவர்கள் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். இவருக்கு மிஞ்சியது விளங்கப்படுத்துகிற வியாதி. பருப்பு ஏன் இன்னும் அவியவில்லை என்று நான் அடுப்பைப் பார்த்து முணுமுணுத்தாலும் போதும், பின்னால் வந்து நின்று தண்ணீரின் குணத்திலிருந்து தொடங்குவார். பருப்பு அவிந்து அடிப்பிடிக்கும் வரைக்கும் ஓயமாட்டார்.

கலியாணம் பேசி எங்கள் ஊர் மன்னாருக்கு வந்த அன்று என் அப்பா மரியாதைக்கு, "தம்பி என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்டுவிட்டார். தேத்தண்ணி ஆறி, இரண்டாம் தரம் சூடாக்கி, அதுவும் ஆறிய பிறகுதான் பதில் முடிந்தது. அப்பா உள்ளே வந்து அம்மாவிடம், "பெடியன் நல்லவன்தான். ஆனா என்ன வேலை எண்டு மட்டும் ஒருத்தரும் கேட்டுப்போடாதையுங்கோ" என்றார். அந்தக் கட்டளையை எங்கள் குடும்பம் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்ததாக வைத்துக் கடைப்பிடித்தது.

வேலை ஒன்றும் மறைக்கவேண்டிய வேலையில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த மனிதர், கொழும்புக் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். பதவியின் பெயர் சிஸ்ரம் அட்மினிஸ்ட்ரேற்றர். சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் பெயரை நீட்டிவிட்டார்கள் என்பது என் சந்தேகம்.

நாங்கள் இருந்தது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி வீடு. கடல் காற்று வரும் என்று சொல்லி வாடகையைக் கூட்டினார் வீட்டுக்காரர். நாங்கள் குடிவந்த பிறகு பக்கத்தில் ஒரு கட்டடம் எழும்பி அந்தக் காற்றை வாங்கிக்கொண்டது. வாடகை மட்டும் குறையவில்லை. ஆகையால் ஓர் அறையை ஞானசம்பந்தம் ஐயாவுக்கும் அவர் மனைவிக்கும் விட்டிருந்தோம். யாழ்ப்பாணத்துச் சைவர்கள். எங்கள் மீன்சட்டி இருக்கும் தட்டின் பக்கம் அவர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். ஹோலின் மூலையில், ஹார்ட்போர்ட் மறைப்புக்குப் பின்னால், என் தம்பி ஸ்ரனிஸ்லாஸ். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. லண்டனுக்குப் படிக்கப் போக விசா கிடைத்து, புதன்கிழமை விமானத்துக்காகப் பெட்டியும் கட்டி வைத்திருந்தான்.

அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் யார் யார் படுத்தெழும்புகிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். நாட்டின் பாதுகாப்பே எங்கள் பாய்களின் எண்ணிக்கையில்தான் தங்கியிருந்தது. ஸ்ரனிஸ்லாஸையும் பதிந்துதான் வைத்திருந்தோம். கொடுத்த காலம் முடிந்துவிட்டது. நீட்டப் போனால், பொறுப்பான ஓர் ஆளிடமிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். ஒஸ்வால்ட் தன் மனேஜர் கிளறன்ஸிடம் போய் நின்றார். கிளறன்ஸும் எங்கள் ஆள்தான்; தமிழர், கத்தோலிக்கர், கோயிலில் முன்வரிசை வாங்கை விட்டுக்கொடுக்காதவர். அயலானை நேசிக்கச் சொல்லும் வாசகத்தைப் பூசையில் வாசிப்பவரும் அவரே.

"ஒஸ்வால்ட், உம்மட குடும்ப விஷயங்களிலை கம்பனி தலையிடுறதில்லை" என்றார் கிளறன்ஸ். "நான் வேணுமெண்டா செபிக்கிறன்."

செபத்தைப் பொலிஸில் காட்ட முடியாது. ஆகவே புதன்கிழமை வரைக்கும் தம்பி வாசற்படி தாண்டக்கூடாது, யாரும் அவனைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். மற்றவர்கள் கேட்டு நடந்தார்கள்.

அதே கிழமைதான் கம்பனி ஒரு பெரிய சேர்வர் வாங்கியிருந்தது. ஆளுக்கொரு நோயோடு இழுத்துக்கொண்டு கிடந்த நாலு பழைய சேர்வர்களையும் தூக்கிவிட்டு, அவை செய்த வேலையையெல்லாம் இந்த ஒன்றுக்குள்ளேயே தனித்தனியாக வைக்கப் போகிறார்களாம். அதற்கு லினக்ஸின் என்டர்பிரைஸ் பதிப்பில் கொன்டெய்னர் என்று ஒரு மென்பொருளைப் போட வேண்டுமாம். கேளாமலே இரவுச் சாப்பாட்டில் பாடம் நடந்தது.

"இப்ப எங்கட வீட்டையே எடும் றோஸி. ஒரு வீடு, ஒரு கரண்ட், ஒரு தண்ணி. ஆனா ஒவ்வொரு அறையிலையும் இருக்கிற ஆள் தனக்குத் தனி வீடு எண்டு நினைச்சு இருக்கிறார். ஒருத்தர் செய்யிறது மற்றவருக்குத் தெரியாது. அதுதான் கொன்டெய்னர்."

"அப்ப தண்ணி பில் ஆர் கட்டுறது?"

"அது ஹோஸ்ட். கீழ இருந்து எல்லாத்தையும் தாங்கிறது."

"அப்ப நான்தான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பை கழுவப் போனேன்.

சனிக்கிழமை காலை, கம்பனிக் கந்தோரில் சனமில்லாத நாள் பார்த்து, சீடிகள், ஒரு ஹார்ட் டிஸ்க், கொஞ்ச வயர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். போர் நடக்கிற ஊரில் ஒரு தமிழன் வயர்ப் பையோடு பஸ் ஏறுகிறான் என்றால் அவனுடைய புத்தியைப் பற்றி நான் வேறு சொல்லத் தேவையில்லை. கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அங்கே நடந்ததைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். வாழ்க்கையில் அவர் சுருக்கமாகச் சொன்ன ஒரே கதை அதுதான்.

ஓர் இளம் பொலிஸ் அதிகாரி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "மேக மொகத?" என்று கேட்டிருக்கிறான். இது என்ன என்ற சாதாரணக் கேள்வி. 'கொம்பியூட்டர் சாமான் சேர்' என்றால் விட்டிருப்பான். எங்கள் ஆள் கொன்டெய்னரிலிருந்து தொடங்கினார், அதுவும் நல்ல சிங்களத்தில். அவருடைய கெட்ட காலம், அந்தப் பெடியன் கெட்டிக்காரன். மெய்யாகவே அக்கறையாகக் கேட்டு, அப்படியென்றால் ஒன்று செய்வது மற்றதுக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டானாம். இத்தனை வருடத்தில் ஒஸ்வால்டிடம் ஒரு மனிதன் திருப்பிக் கேள்வி கேட்டது அதுதான் முதல்தரம். மனுசன் குளிர்ந்துபோனார்.

"சரியான கேள்வி சேர்! இப்ப எங்கட வீட்டையே எடுங்கோ. முன்னறையில் நானும் மனிசியும், பின்னறையில் ஒரு புருஷனும் பெண்சாதியும், ஹோலில் மறைப்புக்குப் பின்னால் ஒரு பெடியன். அஞ்சு பேர். ஆளை ஆள் தெரியாது."

அதிகாரி தலையாட்டிவிட்டு, வீட்டுப் பொலிஸ் பதிவைக் காட்டச் சொன்னான். காலம் முடிந்த தம்பியின் பெயர் போக, பதிவில் நாலு பேர் இருந்தார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தத் தவளையாவது மழைக்காலத்தில்தான் கத்தும்.

அதிகாரி கோபிக்கவில்லை. விலாசத்தைக் குறித்துக்கொண்டு, பாடத்துக்கு நன்றியும் சொல்லி அனுப்பினான். ஒன்றும் நடக்காது என்று தனக்குத்தானே விளங்கப்படுத்திக்கொண்டு ஒஸ்வால்ட் கந்தோருக்குப் போய் வேலையைத் தொடங்கினார். முதலில் கொன்டெய்னருக்குத் தோதான கேர்னலைப் போட வேண்டும். கேர்னல் என்பது முழுச் சேர்வரும் நிற்கிற அத்திவாரம். அதைப் போட்டு, இனிமேல் இதில்தான் எழும்ப வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி, மெஷினை நிறுத்தி எழுப்பினார். எழும்பும் வரைக்கும் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாராம். தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். கேர்னலும் அவருடைய இலாகாவில் வருமோ எனக்குத் தெரியாது. எப்படியோ எழும்பியது. பிறகு நாலு கொன்டெய்னர்களை ஒவ்வொன்றாக உருவாக்கி, ஆளுக்கொரு இலக்கமும் விலாசமும் கொடுத்து, இவ்வளவுக்கு மேல் மெமரி கேட்கப்படாது என்று கட்டுப்பாடும் வைத்தார். நாலும் ஓடின. மிச்சம் ஒரே ஒரு வேலை: கரண்ட் போய் வந்தால் நாலும் தாமாக எழும்பும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்லிவைப்பது. அதற்குக் கை வைக்கும்போதுதான் நான் ரெலிபோன் எடுத்தேன்.

வீட்டுக்குப் பொலிஸ் வந்துவிட்டது. நேரே ஹார்ட்போர்ட் மறைப்புக்குத்தான் போனார்கள். தேடவேண்டிய சிரமமே அவர்களுக்கு இருக்கவில்லை. விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைத் தம்பி காட்டினான். விசாரித்துவிட்டு விடுவோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். செருப்புப் போடவும் அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை.

ஒஸ்வால்ட் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். நான் கத்திய கத்தில் ஞானசம்பந்தம் ஐயா தேவாரத்தை நிறுத்திவிட்டார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதோ உங்களுக்கு? என்ர தம்பிதானோ கிடைச்சான் உதாரணத்துக்கு? அவனுக்கு ஒண்டெண்டா அம்மாவுக்கு நான் என்ன சொல்லுவன்? அதையும் நீங்களே போய் விளங்கப்படுத்துங்கோ!"

அவர் தம்பியின் செருப்பை எடுத்து ஒரு பையில் போட்டார். விளங்கப்படுத்தாத ஒஸ்வால்டைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பொலிஸ் நிலைய வாங்கில் இருந்தோம். அவர் ஒவ்வொரு மேசையாகப் போய் விளங்கப்படுத்தினார். விசாவை, விமானத்தை, பதிவு ஏன் நீளவில்லை என்பதை. வீட்டில் நாங்கள் கேட்காமல் விட்டது போலவே அவர்களும் கேட்கவில்லை. கிளறன்ஸுக்கும் ரெலிபோன் அடித்துப் பார்த்தார். பூசைக்குப் போய் வந்த கையோடு கிளறன்ஸ் தன் பழைய பதிலையே சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் மறுபடி அதே வாங்கு. கோட்டையில் அந்த விடிகாலை கரண்ட் போய் வந்திருக்கிறது. சேர்வர் இடையில் அணையாமல் தாங்கவேண்டிய பற்றரி செத்து வருடமாகிறது. அதை மாற்றும் செலவை மிச்சம் பிடித்தவர் வேறு யாருமில்லை, கிளறன்ஸ்தான். சேர்வர் அணைந்து, திரும்ப எழும்பியது. அந்த ஒரு வரி சொல்லாத குறையால் நாலு கொன்டெய்னரும் எழும்பவில்லை. கம்பனியின் ஒரு கிளையிலும் ஒரு கொம்பியூட்டரும் வேலை செய்யவில்லை. ஒஸ்வால்டின் ரெலிபோன் அடித்தது. கிளறன்ஸின் குரல் பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது, அதற்கப்பால் இருந்த பொலிஸ்காரனுக்கும் கேட்டது.

"ஒஸ்வால்ட்! எங்க நிக்கிறீர்? சேர்வர் எழும்பீற்று, உள்ளுக்கை ஒண்டுமில்லை! சனம் கவுண்டரிலை நிண்டு கத்துது!"

"நாலும் படுத்திருக்கு சேர். எழுப்பவேணும்."

"அப்ப வந்து எழுப்பும்!"

"நான் பொலிஸ் ஸ்டேஷனிலை இருக்கிறன் சேர்."

கிளறன்ஸ் கந்தோரில் யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"சரி, சரி. கவுண்டர்ப் பிள்ளை பேர்ணடெற் இஞ்ச கீபோர்ட்டுக்கு முன்னால இருக்கிறா. நீர் போனிலையே விளங்கப்படுத்தும். அவ அடிப்பா."

முடிந்தது என்று நினைத்தேன். இந்த மனிதரைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அந்தோனியாரே, இந்த ஒருதரம் மட்டும் இந்த வாயைத் தொலைத்துவிடும், கண்டுபிடித்தும் தரவேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

"அது விளங்கப்படுத்தேலாத வேலை சேர்" என்றார்.

"என்ன? நீரோ இதைச் சொல்லுறீர்?"

"ஓம் சேர். நான் நேர வந்தாத்தான் சரிவரும். நான் வாறதெண்டா என்ர மச்சான் வெளியில வரவேணும்."

"ஒஸ்வால்ட், இது கம்பனி விஷயம்!"

"ஓம் சேர். கம்பனி விஷயத்திலை இண்டைக்குக் குடும்பம் தலையிடுது."

சொல்லிவிட்டு ரெலிபோனைச் சட்டைப் பையில் வைத்தார். இந்த மனிதரைக் கட்டியதற்காக நான் பெருமைப்பட்ட நாள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அந்த வாங்கில் இருந்த நேரத்தைத்தான் சொல்லுவேன்.

குடும்ப விஷயத்தில் தலையிடாத கிளறன்ஸுக்குச் சேர்மனைத் தெரிந்திருந்தது. சேர்மனுக்கு யாரோ பெரிய சீருடையைத் தெரிந்திருந்தது. மத்தியானம் ஆகுமுன்னரே தம்பியை வெளியே கூட்டிவந்தார்கள். முந்தினநாள் எங்களை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் குடிக்கப் பிளேன்ரீ வேண்டுமா என்று கேட்டார்கள். கம்பனிக் கார் வாசலில் நின்றது. ஒஸ்வால்ட் அதில் ஏறிப் போனார்.

பின்னேரம் வந்தவரிடம் கேட்டேன்: "பெரிய வேலையோ?"

"நாலு வரி. ஒவ்வொண்டுக்கும் 'ஸ்டார்ட்' எண்டு அடிக்கிறது."

"பேர்ணடெற் அடிச்சிருப்பாவோ?"

"போனிலை சொன்னா நீரும் அடிச்சிருப்பீர்" என்றார்.

சிரித்தேன், கண்ணால் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தேன். பிறகு அது அழுகையாகிவிட்டது.

புதன்கிழமை வேலுசாமியின் வாடகை வானில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனோம். வேலுசாமி மட்டக்குளிக்காரர், புதிதாகப் பிடித்த வான்காரர். எங்கள் வீட்டுக் கட்டளை தெரியாதவர். தம்பி சிறைக்கூண்டைப் பற்றி அதுவரைக்கும் வாய் திறந்திருக்கவில்லை. பாலம் தாண்டும்போது தானாகச் சொன்னான்.

"அக்கா, உள்ளுக்கை நிறையப் பெடியள். என்னை விடக் கூப்பிட்டவுடன திருகோணமலைப் பெடியன் ஒருத்தன் கேட்டான், உங்களுக்காக ஆர் கதைச்சது எண்டு. அத்தான்ர கந்தோரிலை ஒரு மெஷின் நிண்டுபோச்சாம், அதாலை விடுறாங்களாம் எண்டன். எல்லாரும் சிரிச்சாங்கள். அவன் மட்டும் சிரிக்கேல்லை. 'அண்ணை, உங்கட அத்தானைக் கேட்டுப் பாருங்கோ, அந்த மெஷின் இன்னொருக்கா நிக்குமோ எண்டு' எண்டான்."

ஒஸ்வால்ட் முன் சீற்றில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பியை ஏற்றிவிட்டுத் திரும்பினோம். பேலியகொடை மீன் மணம் வானுக்குள் வந்தது. நெடுநேரமாக ஒருவரும் பேசாததைப் பொறுக்காமல் வேலுசாமி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஐயா என்ன வேலைங்க பாக்குறீங்க?"

இனி வெள்ளவத்தை வரைக்கும் பாடம்தான் என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன். மெய்யைச் சொன்னால் அன்றைக்கு அந்தப் பாடத்தைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

"ஒரு கந்தோர் வேலை" என்றார் ஒஸ்வால்ட்.

"அவர் கேக்கிறார்தானே. சொல்லுங்கோவன், அந்தக் கொன்டெய்னரை" என்றேன் நான்.

அவர் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளவத்தை வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.