கால் நிற்காத கதை

கத்தரியக்கா தன் நாத்தனாருக்குத் தர வேண்டியிருந்தது எண்பதாயிரம். ஒளிக்க ஒன்றுமில்லை, தெருவே அறிந்த கடன். அந்தப் பணத்தில்தான் அவளுடைய தகரக் கொட்டகையில் ஆறு தையல் மெஷின்கள் புதிதாக வந்து இறங்கின. ஏற்கெனவே இருந்த பழைய ஐந்தோடு சேர்த்துப் பதினொன்று.

"பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முந்தின மாசம், கடைசி நாள். பணம் வரணும், இல்லேன்னா மெஷின் வரணும். ரெண்டுல ஒண்ணு என் வீட்டு வாசல்ல நிக்கணும்" என்று சொல்லித்தான் நாத்தனார் நோட்டை எண்ணினாள். அவள் சொன்னால் சொன்னதுதான். கூடப் பிறந்த தம்பி என்றும் பார்க்க மாட்டாள். அந்தத் தம்பி, அதாவது கத்தரியக்காவின் வீட்டுக்காரர், அக்காவின் குரல் கேட்டாலே இஸ்திரி மேசைக்கு அடியில் எதையோ தேடுகிற மனிதர்.

கத்தரியக்கா படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் கடைசி மாதம் போகவில்லை. பத்து வயதில் ஒரு தையல் கடையில் நூல் பிசிறு வெட்ட உட்கார்ந்தவள், அன்று எடுத்த கத்தரிக்கோலை இன்னும் கீழே வைக்கவில்லை. கட்டிங் மேசைக்கு வந்தாள், பிறகு சொந்தக் கடைக்கே வந்தாள். யார் சிபாரிசும் கிடையாது. கையும் வாயும்தான் மூலதனம். துணியைத் தொட்டுப் பார்த்தே ஒரு துவைப்பில் எவ்வளவு சுருங்கும் என்று சொல்லுவாள். எழுத்து மட்டும் விரல் வைத்துத்தான் வாசிக்க வரும். அதற்காக அவள் தலை குனிந்ததே இல்லை.

அந்தக் கோடையில் ஒரு பள்ளிக்கூடம் சீருடை ஆர்டர் கொடுத்தது. மூவாயிரம் செட்டு, சட்டையும் டவுசரும். முழுசாகக் கொடுத்தால்தான் காசு. சின்னக் கடைக்காரர்கள் யாரும் கிட்டே போகவில்லை. கத்தரியக்கா போனாள். ஆர்டர் முடிந்தால் கடன் முடிந்தது. ஆர்டர் இழுத்தால் மெஷின் போச்சு. மெஷின் போனால் அப்புறம் கடை ஏது, கத்தரியக்கா ஏது?

வில்லனாக வந்தது வெயில்தான். மத்தியானமானால் தகரக் கொட்டகை கொல்லன் உலையாகிவிடும். எதிர்த் தெருவில் ஏசி போட்ட தையல் கம்பெனி ஒன்று திறந்து, ரெண்டு தையல்காரிகளை இழுத்துக்கொண்டது. அந்த இடத்துக்கு ஆள் தேடிப் பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இருந்தவர்களும் பன்னிரண்டு மணிக்கெல்லாம் "அக்கா, தலை கிறுகிறுங்குது" என்று பையைத் தூக்கினார்கள். ஏசி வாங்கப் பணமில்லை. இருந்த ரெண்டு ஃபேனும் சூட்டை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளிவிட்டன, அவ்வளவுதான்.

அப்படி ஒரு மத்தியானம்தான் கண்டக்டர் மாமா பேண்ட் இடுப்பை அகலப்படுத்த வந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்புகிற தொண்டை. காத்திருக்கிற நேரத்தில் தோல் பையிலிருந்து வாடகை நூலகத்து நாவல் ஒன்றை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். மனதுக்குள் வாசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சத்தமாகத்தான்.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நாலு பேர் வாசலிலேயே நின்றார்கள். ஒருத்தி கேட்டாள்:

"அப்புறம்? அந்த ஆளு உள்ள இருந்தானா இல்லையா மாமா?"

"என் பேண்ட் முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"அப்ப போய்த் தை. நீ தைக்கிற வரைக்கும்தான் நான் படிப்பேன்."

நாலு பேரும் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். கட்டிங் மேசையிலிருந்து கத்தரியக்கா அதைப் பார்த்தாள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பார்களே, அது அவளுக்கு அந்த நிமிஷம் விளங்கியது. அன்று சாயங்காலமே பேச்சை முடித்துவிட்டாள். தினம் மூன்று டீ, கையில் ஒரு தொகை, ஆயுசுக்கும் பேண்ட் தைப்பது இலவசம்.

"தொகையை பேட்டான்னு சொல்லு. பேட்டா இல்லாம நான் வண்டி எடுத்ததில்ல" என்றார் மாமா.

வாசிக்க ஆள் கிடைத்தாயிற்று. எதை வாசிப்பது?

அவர்கள் முதலில் எடுத்தது ஒரு காதல் கதை. வாடகை நூலகக்காரர் கல்லாவுக்கு மேலே 'கோடைக்கு ஏற்ற, எடுத்தால் வைக்க மனசு வராத நாவல்கள்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார். அந்த அட்டைக்குக் கீழே முதலாவதாக இருந்ததைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாளே கொட்டகை முழுக்க மூக்குறிஞ்சுகிற சத்தம். கதாநாயகி பெருமூச்சு விடுகிற வேகத்துக்கு மெஷினும் ஓடியது. பள்ளிக்கூடத்துச் சட்டையிலேயே கண்ணைத் துடைத்த ஒருத்தியைக் கத்தரியக்கா பிடித்தாள்.

"அவளுக்குக் கல்யாணம் நின்னா உனக்கென்னடி?"

"பாவம்க்கா அவ."

"நான் பாவமில்லையா?"

அடுத்தது கொலைக் கதை. அடேயப்பா! ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்தது பாருங்கள், பதினோரு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. அவ்வளவு அமைதியை அந்தக் கொட்டகை அதுவரை கேட்டதில்லை. மெஷின் மறுபடி ஓடினபோதும் சிலருக்குக் காது கதையில் இருந்தது, கை தன் போக்கில் வேலை செய்தது. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் நாற்பது டவுசரில் பாக்கெட் வாயை மூடித் தைத்திருக்கிறார்கள்.

"பையன் கையை எங்கடி விடுவான், காதுக்குள்ளயா?" என்று கத்தரியக்கா கத்தினாள். ஆனால் அவளுக்கும் அந்தக் கை யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் அன்றிரவு தூக்கம் வரவில்லை என்பதுதான் உண்மை.

பாக்கெட்டைப் பிரிக்கவே ஒரு நாள் போயிற்று. மறுநாள் காலை அவளே நூலகத்துக்குக் கிளம்பினாள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வாசற்படி ஏறினாள்.

"அண்ணே, ஒரு கதை வேணும். எடுத்தா வைக்கக் கூடாது. ஆனா கேட்டா காலு நிக்கக் கூடாது."

நூலகக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது என்னம்மா கணக்கு? நல்ல கதைன்னா ஆள் அசையாம உட்காரணும்."

"உங்க கடைக்கு வர்றவங்க உட்காரட்டும். என் ஆளுங்க ஓடணும்."

அட்டைக்குக் கீழே இருந்ததில் தடிமனாக ஐந்து நாவல் மாமா பேரில் எடுத்துக்கொண்டு வந்தாள். பரீட்சை எழுத ஆளும் ரெடி. பொத்தான் தைக்கிறவளுக்குத் தண்ணிப்பானை என்று பட்டப்பெயர், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். அவளை மெஷினில் உட்கார வைத்து, கையில் கழிவுத் துணி கொடுத்து, மாமாவை வாசிக்கச் சொன்னாள். கத்தரியக்கா கதையைக் கேட்கவே இல்லை. தண்ணிப்பானையின் காலையும் பானையையும் மட்டும் பார்த்தாள்.

முதல் நாவல் ஒரு ராஜாவின் வரலாறு. ரெண்டாம் பக்கத்திலேயே தண்ணீர். அடுத்தது பேய்க் கதை. தண்ணீர் குடிக்கவில்லை, காலும் நின்றுவிட்டது, ஆளும் கொஞ்சம் வெளுத்துவிட்டாள். மூன்றாவதில் தூங்கினாள். நாலாவதைப் பாதியில் மாமாவே மூடி வைத்து, "இந்த ரூட்ல ரோடே சரியில்ல" என்றார்.

ஐந்தாவது எடுத்தார். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையைக் காணோம். எல்லோரும் அழுகிறார்கள். மணப்பெண் மட்டும் அழாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தேடக் கிளம்பிவிட்டாள். வண்டி, ரயில், படகு, அதற்கப்புறம் நடை. ஒவ்வொரு அத்தியாயமும் அவள் ஏதாவது ஒரு கதவைத் தட்டுவதில் முடிகிறது. தண்ணிப்பானையின் கால் ஓடியது. பெண் ரயிலைப் பிடிக்க ஓடினபோது அதுவும் சேர்ந்து பறந்தது. கழிவுத் துணி தீர்ந்து, அவள் தன் முந்தானையையே தைக்க இருந்தாள். கத்தரியக்கா பாய்ந்து பிடித்தாள்.

"ஏன்க்கா நிறுத்தச் சொல்றீங்க? கதவைத் திறந்தது யாரு?"

"உன் காலு ஓடுச்சாடி?"

"எந்தக் காலு?"

போதும்! கத்தரியக்கா கையைத் தட்டினாள். கதையில் ஆள் அழுதால் கண் போகும், திகைத்து நின்றால் கால் நிற்கும். கதைக்காரி நடந்தால் தையல்காரியும் மிதிப்பாள்! இதை அவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்? அன்று நூலகக்காரரிடமே போய்ச் சொல்லிக் காட்டினாள், "அட்டையில இதையும் சேத்து எழுதுங்க."

பிறகு கொட்டகை கொட்டகையாகவா இருந்தது! மாமா பழைய விசிலைத் தேடி எடுத்து வந்தார். அத்தியாயம் முடிந்து மணப்பெண் கதவைத் தட்டியதும் ஒரு விசில். அந்தச் சுற்றுக்கான சட்டை அடுக்கு முழுசாக ஏறினால்தான் மறு விசில், "போலாம் ரைட்!", அடுத்த அத்தியாயம். டீக்கு யாரும் வெளியே போகவில்லை. டீ உள்ளே வந்தது. ஏசி கம்பெனிக்குப் போன ரெண்டு பேரில் ஒருத்தி ஜன்னலோரம் வந்து நின்று, "கண்டுபிடிச்சிட்டாளா?" என்று கேட்டாள். "டிக்கெட் எடுத்தவங்களுக்குத்தான் சொல்லுவோம்" என்று மாமா விரட்டினார். மறுநாள் அவள் திரும்பி வேலைக்கு வந்துவிட்டாள்.

ஆனால் காதல் கதையும் பாக்கெட்டும் தின்ற நாட்கள் தின்றதுதான். கெடு நாள் விடிந்தபோது இன்னும் இருநூறு செட்டு பாக்கி.

பதினோரு மணிக்கு வாசலில் டெம்போ வந்து நின்றது. நாத்தனார் இறங்கினாள், பின்னால் ரெண்டு சுமை தூக்கிகள். வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் போய்விட்டார்.

"பணமா, மெஷினா?"

"அண்ணி, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்..."

"நான் நாளைன்னு சொன்னேனா? இந்தா, அந்த ஓரத்துல இருந்து ஆரம்பிங்கப்பா."

கத்தரியக்கா கட்டிங் மேசையை விட்டு ஓடி வந்தாள். அந்த நேரம் பார்த்து மாமா, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், தொண்டையைச் செருமிப் பக்கத்தைத் திருப்பினார். அத்தியாயத்தின் கடைசி. மழையில் மணப்பெண் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "அவர் குளிச்சுக்கிட்டு இருக்கார், உட்காருங்க."

சுமை தூக்கியில் ஒருவன் மெஷினில் வைத்த கையை எடுத்தான். "யாரு குளிக்கிறது?"

கத்தரியக்கா மாமாவின் காதருகே போனாள். "மாமா, இன்னைக்கு விசில் ஊதாதீங்க. எங்கயும் நிறுத்தாதீங்க."

"எக்ஸ்பிரஸ்ஸா?"

"எக்ஸ்பிரஸ்."

மாமா கிளம்பினார்! அத்தியாயத்துக்கு மேல் அத்தியாயம். பதினோரு மெஷினும் மழையாய்ப் பொழிந்தன. நாத்தனார் முதலில் நின்றாள், பிறகு தூணில் சாய்ந்தாள், பிறகு துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். டெம்போ டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்தான். சுமை தூக்கிகள் சும்மா இருக்கக் கூச்சப்பட்டு, தைத்ததை மடித்து அடுக்க ஆரம்பித்தார்கள்.

"அடிப்பாவி, அந்தத் தெருவுல போகாதடி" என்றாள் நாத்தனார், மணப்பெண்ணிடம்.

பொழுது சாய்ந்தது. மாமாவின் தொண்டை கட்டிவிட்டது. டிரைவர் இருட்டில் பாரம் ஏற்ற மாட்டேன் என்று கையை விரித்தான். நாத்தனார் எழுந்து புடவையை உதறினாள்.

"புத்தகத்தைக் குடுங்க. வீட்ல போய் நானே படிச்சுக்கறேன்."

"நூலகத்துப் புத்தகம்மா. என் பேர்ல இருக்கு. கை மாறினா அபராதம்" என்று மாமா அதைத் தோல் பைக்குள் போட்டு இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

நாத்தனார் மெஷின்களைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீங்க?"

மறுநாள் தையல்காரிகளுக்கு முன்னாலேயே வந்து அதே மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். டெம்போ இல்லை. மாமாவுக்குக் குடிக்க வெந்நீர் கொண்டுவந்திருந்தாள். மத்தியானம் கடைசி செட்டு மடிந்தது. பள்ளிக்கூடத்து ஆள் வந்து எண்ணி, வண்டியில் ஏற்றி, பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். கத்தரியக்கா பணக்கட்டைப் பிரித்துக்கொண்டு நேராக நாத்தனார் முன்னால் வந்து நின்றாள். கடைசி அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, கையை நீட்டுங்க."

நாத்தனார் கையை நீட்டினாள். கண் மாமாவின் வாயை விட்டு நகரவில்லை.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"சத்தம் போடாம எண்ணேன்டி!"

கத்தரியக்கா உதட்டுக்குள் எண்ணினாள். இவள் எண்பதாவது ஆயிரத்தை வைக்கவும், அங்கே மணப்பெண் கடைசிக் கதவைத் தட்டவும் சரியாக இருந்தது. கதவு திறந்தது. மாமா புத்தகத்தை மூடி நீளமாக ஒரு விசில் ஊதினார். கொட்டகை ஆரவாரத்தில் அதிர்ந்தது. "அவனைக் கண்டதும் செருப்பைக் கழட்டினா பாரு, அது பொம்பள!" என்று நாத்தனார் தொடையில் அடித்துச் சிரித்தாள்.

பிறகு கையைப் பார்த்தாள். கை நிறைய நோட்டு.

"இது எவ்வளவு?"

"எண்பது அண்ணி. முழுசா எண்ணி வெச்சுட்டேன்."

"நான் எங்க கண்டேன்? கவனம் பூரா அங்க இருந்துச்சு." நோட்டு மொத்தத்தையும் கத்தரியக்காவின் முந்தானையில் திரும்பப் போட்டுவிட்டு, வெறும் கையை அகல விரித்து நீட்டினாள். "முதல்ல இருந்து எண்ணு. இப்ப சத்தமா."

கத்தரியக்கா முதுகை நிமிர்த்தினாள். தெருக்கோடி வரை கேட்கிற குரலில், ஒவ்வொரு நோட்டாக, அந்த விரிந்த கையில் வைத்தாள்.