ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு

ஊரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று சொன்னதும் என் வீட்டுச் சொந்தக்காரர் கேட்டது, "எந்த ஊருலேருந்து? சிலோனா, ஜெர்மனியா?" என்றுதான். நியாயமான கேள்வி. பத்து வயது வரை யாழ்ப்பாணம், அதன்பிறகு முப்பது வருடம் ஜெர்மனி, இப்போது மூன்று வருடமாக நாகர்கோவில். ஒரு வருட ஒப்பந்தத்தில் நர்சுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். இப்போது சொல்வதை நிறுத்திவிட்டேன்.

"ஜெர்மனி" என்றேன். "அப்போ கட்டில உயரமா போடணும்" என்றார் அவர். எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வந்த இரண்டு பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. நாங்கள் ஜெர்மனியில் குடியிருந்த கட்டடத்தில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தவர்கள். அம்மாவும் அப்பாவும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போய்விட, பள்ளி விட்டு வந்தால் நான் நேராக மேலே ஏறிவிடுவேன். பெரியவர் டிராம் ஓட்டினார். அவர் மனைவி பேக்கரியில் ரொட்டி விற்றார். எனக்கு ஜெர்மன் வந்தது அந்த அம்மாவின் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான். இரண்டு பேருக்கும் இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஐரோப்பாவை விட்டு வெளியே வருவது இதுதான் முதல் தடவை.

பெட்டியைத் திறந்தால் பாதி கறுப்பு ரொட்டி, மீதி பாலாடைக்கட்டி. நான் பட்டினி கிடக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். முதல் நாளே பெரியவர் ஒரு தாளில் பதினாறு நாளுக்கும் கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். காலையில் என்ன, மதியம் என்ன, ஓய்வு எப்போது, எல்லாம் அதில் இருந்தது. கன்னியாகுமரிக்குச் சூரிய உதயம் பார்க்கப் போனோம், மேகம் மூடியிருந்தது. "திட்டப்படி சூரியன் வரவில்லை" என்று கட்டத்துக்குள் எழுதினார். பஸ் எப்போது வரும் என்று கேட்டதற்கு நிறுத்தத்தில் நின்ற ஒருவர் "இப்ப வரும்" என்றார். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். நாற்பது நிமிடம் கழித்து பஸ் வந்ததும், இந்த ஊரில் "இப்போது" என்பது எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொண்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது. மட்டி, செந்துளுவன் என்று வகைவகையாக வாழைப்பழம் தின்று தின்று அவர் வயிறு ஒரு வழியானது வேறு கதை.

அந்தச் சமயத்தில் என் தலைவலியெல்லாம் ஒரு மாணவியைப் பற்றியது. கோட்டாற்றுப் பெண். வாப்பாவுக்கு அங்கேயே சிறிய துணிக்கடை. இருபத்து நான்கு வயது, நர்சிங்கில் கெட்டிக்காரி, வாசிப்பிலும் எழுத்திலும் வகுப்பில் முதல். பேச்சுத் தேர்வில் மட்டும் இரண்டு தடவை தோற்றிருந்தாள். மூன்றாவது தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கென்று ஒரு ஜெர்மன் மருத்துவமனை வைத்திருந்த இடம் அடுத்த மாதக் கடைசி வரைதான். இந்தத் தடவையும் விட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். அடுத்த தடவைக்கு வாப்பாவும் சம்மதிக்கமாட்டார்.

தோற்றதற்குக் காரணம் மொழி இல்லை. அந்தத் தேர்வில் இரண்டு பேர் சேர்ந்து ஏதாவது ஒன்றைத் திட்டமிட வேண்டும். ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் அதை மறுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், வேறு யோசனை வைக்க வேண்டும். இவள் மறுக்கமாட்டாள். போன தடவை இவளோடு உட்கார்ந்த பெண் பதற்றத்தில், பிரிவுபசார விருந்தைக் காலை ஐந்து மணிக்கு வைக்கலாம் என்றிருக்கிறாள். "கூட்டெ இடே", அதாவது நல்ல யோசனை, என்று இவளும் தலையாட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வார்டிலேயே இறைச்சி சுடலாமா என்றால் அதற்கும் கூட்டெ இடே.

"ஏன் பிள்ளை இப்படிச் செய்தாய்?" என்று கத்தினேன்.

"மிஸ், அந்த அக்கா என்னைவிட மூத்தவங்க. மொகத்துக்கு நேரே மாட்டேன்னு எப்டி சொல்லுதது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் ஒரு யோசனை தோன்றியது. வீட்டில் இரண்டு அசல் ஜெர்மானியர்கள் சும்மா உட்கார்ந்து வாழைப்பழம் தின்கிறார்கள். வெள்ளிக்கிழமை பெரியவரை வகுப்புக்கு அழைத்துப்போய் அவள் எதிரில் உட்காரவைத்தேன். தலைப்பு: சேர்ந்து ஒரு மதிய விருந்தைத் திட்டமிடுங்கள். அவளிடம் தனியாகச் சொன்னேன், "என்ன சொன்னாலும் மறு. அவர் கோபிக்கமாட்டார்."

"ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா?" என்றார் பெரியவர்.

"கூட்டெ இடே."

"மதியம் பன்னிரண்டு மணிக்கு?"

"ஆமாம், நல்லது."

"எங்கே? உன் வீட்டிலேயே?"

நான் பின்னால் நின்று கையால் சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. "எங்கள் வீட்டிலேயே! கூட்டெ இடே!" என்றாள். பெரியவர் விலாசம் கேட்டார். தெரு, பள்ளிவாசலிலிருந்து எத்தனையாவது திருப்பம், பச்சைக் கேட், எல்லாவற்றையும் பிழையில்லாத ஜெர்மனில் சொன்னாள். அவர் சட்டைப்பையிலிருந்து சிறிய டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். என்ன அருமையாக நடிக்கிறார் இந்த மனிதர் என்று நான் வியந்தேன். பிறகு அவளுக்கு அரை மணி நேரம் திட்டு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றே கால் மணிக்கு நான் நைட்டியோடு மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அறைக்கதவு திறந்தது. பெரியவர் கழுத்தில் டை. அவர் மனைவி கையில் வண்ணத்தாள் சுற்றிய சாக்லேட் பெட்டி.

"நீ இன்னும் கிளம்பவில்லையா? பிந்திவிடும்" என்றார் அந்த அம்மா.

"எங்கே?"

பெரியவர் டைரியை நீட்டினார். பச்சைக் கேட் வரைக்கும் எல்லாம் இருந்தது.

அது பயிற்சி என்று சொல்லிப் பார்த்தேன். "பயிற்சிக்கு யாராவது உண்மையான விலாசம் கொடுப்பார்களா?" என்று கேட்டார் அவர். "பாவம், அந்தப் பெண்ணின் அம்மா காலையிலிருந்து சமைத்திருப்பாரே" என்றார் மனைவி. அவளுக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. போகவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு முதல் எழுத்திலிருந்து ஜெர்மன் கற்றுத்தந்த இரண்டு பேர், சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். மறுப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற நான் மீனை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சேலையை மாற்றினேன்.

பச்சைக் கேட்டுக்கு இருபது அடி தள்ளி ஆட்டோவை நிறுத்தச் சொன்னார் பெரியவர். பன்னிரண்டுக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. முன்னால் போவது மரியாதை இல்லையாம். கொளுத்தும் வெயிலில் டையோடு ஒருவரும், சாக்லேட் பெட்டியோடு ஒருவரும், நடுவில் நானும் நின்றோம். தெருவே வேடிக்கை பார்த்தது.

கேட்டுக்கு முன்னால் ஒரு வேன் நின்றது. உள்ளே ஜரிகை மின்னும் உடுப்பில் நான்கைந்து குழந்தைகள். உம்மா பட்டுச்சேலைக்கு மேல் பர்தாவைப் போட்டுக்கொண்டு, கையில் பூட்டோடு வாசலில் நின்றார். வாப்பா வேன்காரரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உம்மா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பூட்டு பர்தாவுக்குள் மறைந்தது.

"வாருங்க, வாருங்க! உள்ள வந்து இரிங்க!" என்றவர், திரும்பி அடித்தொண்டையில், "ஏட்டி, ஃபேனப் போடு. பிள்ளைகள எறக்கு. பிரியாணிக்கு ஆளனுப்பு" என்றார்.

வாப்பாவும் முகம் நிறையச் சிரித்து என்னை வரவேற்றார். ஆனால் அதற்குள் கைபேசியைக் காதில் வைத்து, "நாங்க வர கொஞ்சம் பிந்தும்" என்று யாரிடமோ மெதுவாகச் சொல்வது கேட்டது. குளச்சலில் அவருடைய தங்கை மகளுக்கு அன்று நிக்காஹ். லுஹர், அதாவது மதியத் தொழுகை, முடிந்ததும் தொடங்கிவிடும். பெண்ணுக்குத் தாய்மாமன் இவர்தான். இவர் இல்லாமல் அங்கே எதுவும் நகராது. இதையெல்லாம் வேனுக்குள் இருந்த ஒரு பொடிசு எனக்குச் சொன்னது. பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் மாட்டார்கள். கல்யாணமே நின்றாலும் வாசலில் வந்தவர்களைச் சோறு போடாமல் அனுப்பமாட்டார்கள்.

என் மாணவி நிலைப்படியில் நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. "பன்னிரண்டு மணி!" என்று பெருமையோடு கடிகாரத்தைக் காட்டினார் பெரியவர்.

ஜெர்மனில் நானே விளக்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அது துணிச்சலா கொடுமையா என்று இன்றைக்கும் என்னால் சொல்லமுடியாது. அந்தக் குடும்பத்தின் கல்யாணத்தை ஒரு பேச்சுத் தேர்வுக்காகப் பணயம் வைத்தேன் என்பது உண்மை.

வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் இரண்டு படி இறங்கி வந்தாள்.

"நைன்" என்றாள், அதாவது இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெர்மனில் தொடர்ந்தாள்: "இன்றைக்கு முடியாது. என்னை மன்னிக்க வேண்டும். குளச்சலில் எங்கள் வீட்டுக் கல்யாணம். ஐந்து நிமிடத்தில் நாங்கள் கிளம்பியே ஆக வேண்டும். அன்றைக்கே நான் உங்களிடம் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. என்னிடம் வேறொரு யோசனை இருக்கிறது. நீங்களும் எங்களோடு வாருங்கள். வேனில் இடம் இருக்கிறது."

இடம் இல்லை. அது மட்டும் பொய்.

"என்னட்டி சொல்லுத அவ்வோகிட்ட?" என்று உம்மா பதறினார்.

"இன்னைக்கு முடியாதுன்னு சொன்னேன் உம்மா."

"படச்ச ரப்பே! வாசல்ல வந்து நிக்கவங்ககிட்டயா? எனக்கு வெப்ராளமா வருதே!"

பெரியவர் முகத்தையே எல்லோரும் பார்த்தோம். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார், டைரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு முகம் மலர, "கூட்டெ இடே!" என்றார். வேனுக்குள் இருந்த குழந்தைகள் எதற்கென்றே தெரியாமல் கைதட்டின. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

குளச்சல் வரைக்கும் பெரியவர் மடியில் ஒன்று, தோளில் ஒன்றாகக் குழந்தைகள். மண்டபத்தில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று எங்களைப் பிரித்துவிட்டார்கள். வாப்பா அவரைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து நெய்ச்சோற்றையும் ஆட்டுக்கறியையும் பரிமாறச் செய்தார். "போதும், நன்றி" என்று ஒருமுறை சொன்னால் ஜெர்மனியில் போதும். அங்கே நான்கு தடவை சொல்லியும் கரண்டி நிற்கவில்லையாம். கடைசியில் இலை மேல் குப்புறப் படுக்காத குறையாக மறைத்துக்கொண்டாராம். வெளியே வந்தபோது டையைக் காணோம்; யாரோ ஒரு குழந்தை கட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் அவர் மனைவிக்கு இரண்டு கை நிறைய மருதாணி. "இனி ஒரு வாரம் நான் பாத்திரம் கழுவமுடியாது" என்று ஆனந்தமாக அறிவித்தார். கிளம்பும்போது உம்மா என்னிடம் வந்து, "கேட்டியளா டீச்சர், இவ இப்டி பேசுவான்னு நான் நெனைக்கவே இல்ல" என்றார். குறையா பெருமையா என்று அவர் குரலில் இருந்து கண்டுபிடிக்கமுடியவில்லை.

விருந்தாளிகள் ஊர் திரும்பிய பிறகுதான் தேர்வு. திருவனந்தபுரம் போய்விட்டு வந்து சொன்னாள்: "ரெண்டு தடவ மறுத்தேன் மிஸ். மூணாவது தடவ அந்தப் புள்ள மொகம் வாடிப்போச்சு. அதனால சரின்னுட்டேன்." நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு காலையில் போன் வந்தது. "மிஸ், பாஸ்!" பின்னால் உம்மா அழுதுகொண்டே சிரிக்கும் சத்தம் கேட்டது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக என் காரியத்தையும் எடுத்தேன். திங்கட்கிழமை புதிய பிள்ளைகள் வருகிறார்கள், விசா கிடைக்கும் வரை எனக்கு உதவியாக வகுப்புக்கு வா என்றேன். கேட்டால் தட்டமாட்டாள் என்று நிச்சயமாக இருந்தேன்.

"இல்ல மிஸ், முடியாது" என்றாள். "உம்மா யாருக்கும் தெரியாம அழுதுட்டு இருக்காவ. போற வரைக்கும் நான் வீட்ல இருக்கணும்."

"ஒரு வாரத்துக்கு மட்டும்?"

"இல்ல மிஸ்." இந்தத் தடவை குரல் இன்னும் தெளிவாக இருந்தது. "அதுக்குப் பதிலா நீங்க வாருங்க. வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பொறவு, ரெண்டு மணிக்கு. எங்க வீட்ல சாப்பாடு."

மறுப்பு, காரணம், வேறு யோசனை. ஒன்றும் விடவில்லை. மூன்று வருடத்தில் ஒரு மாணவிகூட என்னிடம் முடியாது என்று சொன்னதில்லை. முதலில் சொன்னவள் ஊரை விட்டுப் போகப்போகிறாள். "ஓம், ரெண்டு மணிக்கு வாறன்" என்றேன்.